'குட்' போட்டாலும் கேள்வி கேட்போம்

மார்ச் வந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் நம் தம்பி தங்கைகளுக்கு ஒரே பேச்சு, அப்ரைசல். டிப்ளமோ முடித்து, குடும்பத்தில் முதல் ஆளாக மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள். 'ஒழுங்காக வேலை பார்த்தால் அவர்களே பார்த்துப் போடுவார்கள்' என்று நம்பி வெறுங்கையோடு மேலாளர் முன் போய் உட்காருகிறோம். அந்த நம்பிக்கையை முதலில் கைவிடுவோம்.

உற்பத்திக்கு, ரிஜெக்‌ஷனுக்கு, லீவுக்குக் கணக்கு இருக்கிறது. 'ஆட்டிட்யூட்', 'டீம் வொர்க்' கட்டங்களுக்கு என்ன கணக்கு? 'ஊரா, காலனியா?' என்று கேட்டவரே மதிப்பெண் போடும்போது சாதி அந்தக் கட்டங்கள் வழியாகத்தான் நுழைகிறது. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், தகுதி ஒன்றாக இருந்தும் தலித் பெயர் கொண்ட விண்ணப்பங்களுக்குத் தனியார் நிறுவனங்களின் அழைப்பு குறைவாகவே வந்தது. வாசலில் நடப்பது உள்ளே நடக்காதா?

தேவ் தத் வழக்கு நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் இருந்த பொறியாளர் அவர். பதவி உயர்வுக்கு ஐந்தாண்டும் 'வெரி குட்' வேண்டும். 1993-94க்கு மட்டும் 'குட்' என்று எழுதி, அவரிடம் சொல்லாமலே வைத்திருந்தார்கள். உயர்வு கிடைக்கவில்லை. நல்லதோ கெட்டதோ, ஒவ்வொரு பதிவையும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அது அரசு ஊழியருக்கான தீர்ப்பு. தனியார் ஆலையில் நமக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அதனால் நம் பதிவை நாமே வைத்திருப்போம். ஒரு நோட்டு போதும். எந்த பிரேக்டவுனைச் சரிசெய்தோம், யாருக்கு வேலை கற்றுக்கொடுத்தோம், எத்தனை கூடுதல் ஷிப்ட் பார்த்தோம் என்று தேதி போட்டு எழுதுவோம். பாராட்டி வந்த மெசேஜைச் சேமிப்போம். 'ஆட்டிட்யூட் சரியில்லை' என்றால், 'எந்த நாள், என்ன சம்பவம் சார்?' என்று நிதானமாகக் கேட்போம். பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதி அனுப்புவோம். ஏற்காத மதிப்பெண்ணுக்கு 'உடன்பாடில்லை' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுவோம்.

தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற நம் கோரிக்கைக்கு இந்த நோட்டு ஈடாகாது. ஆனால் பத்துப் பேரின் நோட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வருடா வருடம் யாருக்குக் குறைகிறது என்பது தெரிந்துவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு சங்கத்திடம் போகலாம், கேட்கலாம்.

ஜெய்பீம்.