பெயர்ப்பலகையோடு நின்றுவிடும் வரலாறு

பெரியோர் ஒருவரைப் பற்றிக் கட்டுரை வரைக என்று நம் தமிழ்ப்பள்ளி மாணவரிடம் சொல்லிப் பாருங்கள். காந்தியடிகள் வருவார், பாரதியார் வருவார், அப்துல் கலாம் வருவார். மூவரும் போற்றத்தக்கோரே, அதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. ஆனால், கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பிறந்து வளரும் பிள்ளைகள் தம் ஊர்ப் பெரியோர் ஒருவரையேனும் எழுதக் காணோமே, ஏன்? அவர்கள் அறியார், நாம் அறிவிக்கவில்லை.

போலந்து நாட்டில் தோருன் என்றொரு பழம்பெரும் நகரம் உண்டு. வானியல் அறிஞர் கோப்பர்நிக்கசு 1473இல் பிறந்த ஊர் அது. 380 ஆண்டுகள் கழிந்த பின்னரும் அவரை மறவாமல், 1853இல் நகரின் நடுவே அவருக்குச் சிலை எழுப்பினர். நாமோ நூறாண்டு நிறையுமுன்னரே நம்மவரை மறந்து நிற்கிறோம்.

தம்புசாமிப் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலையும் பத்துமலையையும் அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லத் தெரிந்த நமக்கு, 1893இல் தோன்றிய விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்ககால அறங்காவலருள் அவரும் ஒருவர் என்பது தெரியுமா? கோயில் கட்டியவராக மட்டுமே அவரைக் காட்டுவது, ஒரு முழு மனிதரைப் பாதியாக்குவதாகும்.

பிரிக்பீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலை இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர் நடுத்தெருவில் நின்றபோது, 1960இல் அவர்களிடமே பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை எழுப்பியவர் அவர். அந்தச் சாலை வழியே நாள்தோறும் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு இச்செய்தியைச் சொல்லாவிட்டால், பெயர்ப்பலகை வெறும் தகரமே.

பலகையில் பெயர் ஏறாதவர் நிலை இன்னும் கொடிது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நிகழ்ந்த பெரும் வேலைநிறுத்தத்தின் தலைவர் ஆர். எச். நாதன். தொழிலாளர் கேட்டவை யாவை? சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களின் மானத்திற்குக் காவல், துரையைக் கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் இழிவுக்கு முடிவு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி. ஆம், கல்வி! நாதனை நாடு கடத்தினர், படையை ஏவினர், தொழிலாளர் ஐவர் குண்டுக்கு இரையாயினர். பால்மரக் காட்டில் எழுந்த அக்குரலை, அதே கிள்ளானில் தமிழ்ப்பள்ளி நடத்தும் நாம் மறப்பது நன்றி கொன்ற செயலன்றோ?

அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மே 4ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அச்சிறை இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. அவருடைய அரசியலை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால், சிக்கல் வருமென்று அஞ்சி ஒரு மனிதரின் பெயரையே மறைப்பது வரலாறு கற்பிப்பதாகாது. கற்பித்தல் வேறு, வழிமொழிதல் வேறு என்பதை ஆசிரியருக்கு எடுத்துரைக்கவும் வேண்டுமோ?

பெண்மக்களுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? 1925இல் கோலாலம்பூரில் பிறந்த ஜானகி ஆதி நாகப்பன், பதின்ம வயதிலேயே ஜான்சிராணிப் படையில் சேர்ந்து துப்பாக்கி ஏந்தினார். பின்னாளில் நாட்டின் மேலவையிலும் அமர்ந்தார். தமிழாய்வுக்கு எடுத்துக்காட்டு வேண்டுமா? மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்ற தனிநாயகம் அடிகள், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை இதே கோலாலம்பூரில் கூட்டினார். சென்னைக்கும் மதுரைக்கும் முன்னர் அப்பெருமை நம் ஊருக்கு வாய்த்தது!

"இவையெல்லாம் தேர்வுக்கு வாரா" என்பது ஆசிரியர் சிலர் நெடுங்காலம் சொல்லிவந்த விடை. 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வே நீக்கப்பட்டுவிட்டது. இனி எதன் பின்னே ஒளிவது? "நூல் இல்லை" என்பது அடுத்த விடை. நூல் இல்லையெனில் எழுத வேண்டியவர் யார்? தமிழ் கற்றுத் தமிழால் வாழும் நாமல்லவா?

பட்டமும் பதவியும் பெற்றவருக்கு மாலையிட ஆட்கள் உண்டு. நாடு கடத்தப்பட்டவருக்கும் தூக்கிலிடப்பட்டவருக்கும் வகுப்பறையே நினைவு மண்டபம். ஆகவே, ஆசிரியப் பெருமக்களே, பள்ளிதோறும் ஊர்ப் பெரியோர் ஏடு ஒன்றைத் தொடங்குங்கள். மாணவச் செல்வங்களே, பாட்டன் பாட்டியிடம் பழைய தோட்டக் கதைகளைக் கேட்டு அதில் எழுதுங்கள். அவர்கள் மறைந்தால் அந்நினைவுகளும் உடன் மறையும். தன் ஊரின் பெரியோரை அறியாத பிள்ளை, தன் ஊரிலேயே வழிப்போக்கனாக வாழும். அந்நிலைக்கு நம் பிள்ளைகளை ஆளாக்காதிருப்போமாக.