பெய்யாத மழைக்கு ஓர் இலக்கணம்

குழந்தைகளுக்கு இங்கிலீஷ் வீட்டுப் பாடம் சொல்லிக் கொடுக்கும் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். "எல்லாம் ஒரு மாதிரி சமாளித்துவிடுகிறேன், இந்த 'இஃப்' வந்தால்தான் தலை சுற்றுகிறது" என்பார்கள். அந்த 'இஃப்' வாக்கியங்களிலும் மூன்றாவது வகை ஒன்று இருக்கிறது. 'தேர்ட் கண்டிஷனல்' என்று இலக்கணப் புத்தகங்களில் அதற்குப் பெயர். நடக்காமலே போய்விட்ட ஒரு காரியம், நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சொல்லும் வாக்கியம் அது.

பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தஞ்சாவூர்ச் சீமையில் பிறந்தவர்களுக்கு இது நித்தியப்படி பேச்சு! "தண்ணீர் பத்து நாள் முன்னால் வந்திருந்தால்...", "அந்த மழை மட்டும் அறுப்புக்கு அப்புறம் பெய்திருந்தால்..." என்று திண்ணையில் பெருமூச்சு விடாத மிராசுதார் உண்டா, குத்தகைக்காரர்தான் உண்டா?

ஓர் உதாரணம். மேட்டூர் அணையைக் குறுவைக்காக ஜூன் 12-ஆம் தேதி திறப்பது வழக்கம். 2024-ல் அணையில் போதிய தண்ணீர் இல்லை. ஜூலை 28-ஆம் தேதிதான் திறந்தார்கள். பம்புசெட் வைத்திருந்தவர்கள் பாடு தேவலை. ஆற்றுத் தண்ணீரையே நம்பியிருந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? "ஜூன் மாதமே அணையைத் திறந்திருந்தால் நாங்களும் குறுவை நட்டிருப்போம்." இதை அப்படியே இங்கிலீஷில் சொல்லலாம்: "இஃப் தே ஹாட் ஓபன்ட் த டாம் இன் ஜூன், வீ டூ வுட் ஹாவ் பிளான்டட் குறுவை."

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'திறந்து - இருந்தால்' என்பதற்கு நேராக 'ஹாட் ஓபன்ட்' நிற்கிறது. 'நட்டு - இருப்போம்' என்பதற்கு நேராக 'வுட் ஹாவ் பிளான்டட்' நிற்கிறது. இதிலே ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? 'இருப்போம்' என்பது எதிர்காலச் சொல். அந்த வருஷம் நடக்காத நடவுக்கு எதிர்காலச் சொல்லைப் போடுகிறோம்! இங்கிலீஷ்காரனும் அதையேதான் செய்கிறான். 'வுட்' என்பது 'வில்' என்ற எதிர்காலச் சொல்லின் பழைய வடிவந்தானே? ஆகையால், தமிழில் 'இருந்தால்' வரும் இடத்தில் 'ஹாட்', 'இருப்பேன், இருக்கும்' வரும் இடத்தில் 'வுட் ஹாவ்' என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள். பாதிப் பாடம் முடிந்தது.

அநேகமாக எல்லாரும் சறுக்குகிற இடம், 'இஃப்' இருக்கும் பக்கத்திலும் 'வுட் ஹாவ்' போட்டுவிடுவது. இதற்குக் காரணம் காதுதான் என்பது என் அபிப்பிராயம். வேகமாகப் பேசும்போது 'ஐ ஹாட்' என்பதும் 'ஐ'ட்' ஆகிவிடுகிறது. 'ஐ வுட்' என்பதும் அதே 'ஐ'ட்' ஆகிவிடுகிறது. சினிமாவில் கேட்டு எழுதினால் எது எது என்று தெரியாது. அமெரிக்கர்களே பேச்சில் இந்தத் தப்பைச் செய்கிறார்கள். அவர்களுக்கு யார் மார்க்குப் போடப் போகிறார்கள்? நம் குழந்தைக்குப் பரீட்சை இருக்கிறதே!

மற்றப் பாதிப் பாடந்தான் முக்கியம். அதிலேதான் தமிழும் இங்கிலீஷும் பிரிகின்றன.

"ராத்திரி மழை பெய்திருந்தால் நாற்றங்கால் நனைந்திருக்கும்." இதற்கு என்ன அர்த்தம்? மழை பெய்ததா, இல்லையா என்று தெரியாமல் ஊரிலிருந்து ஒருவர் யோசித்துச் சொல்வதாகவும் இருக்கலாம். பெய்யவில்லையே என்று அங்கலாய்ப்பதாகவும் இருக்கலாம். தமிழில் வாக்கியம் ஒன்றே. 'நனைந்திருக்குமே!' என்று ஓர் ஏகாரம் போட்டு இழுத்தால்தான் அங்கலாய்ப்பு என்று தெரியும். இங்கிலீஷில் அப்படியில்லை. தெரியாமல் ஊகிப்பவர், "இஃப் இட் ரெயின்ட் லாஸ்ட் நைட், த சீட்லிங்ஸ் மஸ்ட் பி வெட்" என்பார். 'ஹாட் ரெயின்ட்... வுட் ஹாவ்' என்று சொல்லிவிட்டாலோ, மழை பெய்யவில்லை என்று கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாயிற்று.

இது வெறும் பரீட்சைச் சமாசாரம் அல்ல. கும்பகோணத்துப் பக்கம் ஒரு பாட்டி, அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த பேத்திக்கு மார்கழி மாதத்தில் இங்கிலீஷில் கடிதம் எழுதினார். வரப்போகிற பொங்கலுக்குக் கூப்பிடுகிற கடிதம். 'இஃப் யூ கம்' என்றால் அதிகாரமாக இருக்குமோ என்று, மரியாதையாக, "இஃப் யூ ஹாட் கம் ஃபார் பொங்கல், ஐ வுட் ஹாவ் பீன் வெரி ஹாப்பி" என்று எழுதிவிட்டார். பேத்தி அதை எப்படிப் படிப்பாள்? 'போன பொங்கலுக்கு நீ வரவில்லை, எனக்கு அது வருத்தம்' என்றுதான்! அழைப்பு புகாராகிவிட்டது. "இஃப் யூ குட் கம், ஐ வுட் பி வெரி ஹாப்பி" என்று எழுதினால் போதும். மரியாதைக்கு மரியாதை, அழைப்புக்கு அழைப்பு.

எதிர்மறை வந்தால் அர்த்தம் தலைகீழாகும். தஞ்சாவூரிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. துளஜா மகாராஜா தத்து எடுத்த பிள்ளை சரபோஜி, ஸ்வார்ட்ஸ் பாதிரியாரின் பாதுகாப்பில் படித்தார். பாதிரியார் 1798-ல் காலமானார். அவர் கல்லறைக்கு இங்கிலீஷிலேயே செய்யுள் எழுதினார் சரபோஜி. "ஸ்வார்ட்ஸ் கற்பிக்காதிருந்தால் சரபோஜி அதை எழுதியிருக்க மாட்டார்." இங்கிலீஷில், "இஃப் ஸ்வார்ட்ஸ் ஹாட் நாட் டாட் ஹிம், செர்ஃபோஜி வுட் நாட் ஹாவ் ரிட்டன் இட்." இரண்டு பக்கமும் 'நாட்', அர்த்தமோ, கற்பித்தார், எழுதினார் என்பது!

இன்னும் ஒன்று. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட ஓர் அம்மாள், பேத்தியின் பாடத்துக்கு நடுவே என்னிடம் ஒரு வாக்கியம் கேட்டார். "அன்றைக்கு என்னைப் படிக்கவிட்டிருந்தால் இன்றைக்கு நான் டீச்சராக இருப்பேன். இதற்கு இங்கிலீஷ் என்ன?" பேத்தியின் நோட்டில் அந்த வாக்கியம் இல்லை. முதல் பாதி நமக்குத் தெரிந்ததுதான்: "இஃப் தே ஹாட் லெட் மீ ஸ்டடி..." இரண்டாம் பாதியில் 'வுட் ஹாவ் பீன்' என்று போட்டால், எப்போதோ டீச்சராக இருந்து ஓய்வும் பெற்றிருப்பேன் என்றுகூடப் படும். இன்றைக்கு என்று சொல்ல வேண்டுமானால் 'ஹாவ்' போய்விட வேண்டும்: "ஐ வுட் பி எ டீச்சர் டுடே."

இரண்டையும் சொன்னேன். 'வுட் பி'யைத்தான் எழுதிக்கொண்டார்.