இழப்பீடு யாருக்கு?

அடிமையின் விலங்கை ஒடித்தது தங்கள் அருள் உள்ளமே என்று பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத்தின் புகழ்பாடிகள் நெடுங்காலமாய்ப் பெருமை பேசி வருகின்றனர். 1807-இல் அடிமை வாணிபத்தை ஒழித்தனராம். 1833-இல் அடிமை முறைக்கே சாவுமணி அடித்தனராம். ஆகவே உலகம் கைகூப்பித் தொழ வேண்டுமாம்! தொழுவதற்கு முன் கணக்கேட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்போம், தோழர்களே!

1833-ஆம் ஆண்டுச் சட்டம் 2 கோடி பவுனை இழப்பீடாக ஒதுக்கியது. பிரிட்டிஷ் அரசின் அன்றைய ஓராண்டுச் செலவில் அது ஏறத்தாழ 40 விழுக்காடு. யாருக்கு அந்த இழப்பீடு? கப்பலின் அடித்தட்டில் சங்கிலியால் பிணைக்கப்பட்டு வந்தவனுக்கா? பெற்ற பிள்ளை ஏலத்தில் போகக் கண்டு கதறிய தாய்க்கா? கூலியின்றிக் கரும்பு வெட்டியே முதுகு வளைந்தவனுக்கா? இல்லை! அவர்களை உடைமையாக வைத்திருந்த ஆண்டைக்கு! 'சொத்து' போயிற்றே என்று அவன் வடித்த கண்ணீரைத் துடைக்கக் கருவூலம் திறந்தது. ஏறத்தாழ 8 இலட்சம் அடிமைகளுக்கோ ஒரு செப்புக் காசும் இல்லை.

அம்மட்டோ? 1834 ஆகஸ்டு முதல் நாள் விடுதலை என்று முரசறைந்தனர். ஆனால் பெரும்பாலான தீவுகளில் அடிமைக்குத் 'தொழில் பழகுநர்' என்று புதுப்பெயர் சூட்டி, வாரத்தில் 40 மணி நேரத்துக்கு மேல் அதே துரைக்குக் கூலியின்றி உழைக்க வைத்தனர். தலைமுறை தலைமுறையாய்க் கரும்பு வெட்டியவனுக்குக் கரும்பு வெட்டப் பழக்குகிறார்களாம்! எதிர்ப்பு வலுத்த பின்னரே 1838-இல் அந்த மோசடி முடிந்தது.

சட்டமேனும் அருளால் பிறந்ததா? ஹைட்டியில் 1791-இல் கிளர்ந்தெழுந்த அடிமைகள் 1804-இல் தனிநாடே கண்டுவிட்டனர். ஜமைக்காவில் 1831 கிறிஸ்துமஸ் நாட்களில் சாமுவேல் ஷார்ப் என்னும் அடிமை, கூலி தராவிடில் வேலை செய்யோம் என்று வேலைநிறுத்தம் திரட்டினார். பல்லாயிரவர் எழுந்தனர், தோட்டங்கள் எரிந்தன. 300-க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை! 1832 மே 23-ஆம் நாள் ஷார்ப்பும் தூக்கிலேற்றப்பட்டார். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. அருள் வந்ததா, அச்சம் வந்ததா?

வில்பர்போர்ஸ் போன்றோரின் உழைப்பை மறுப்பதா என்பர் சிலர். மறுக்கவில்லை. ஆனால் மன்றத்துப் பெருமக்கள் 'படிப்படியாக' என்று இழுத்தபோது, 1824-இல் 'உடனே' என்று முழங்கியவர் எலிசபெத் ஹெய்ரிக் என்னும் பெண்மணி. அடிமை விளைவித்த சர்க்கரையை வாங்காதீர் என்று மக்களிடம் வேண்டியவர் அவர். 1831-இல் மறைந்த அவருக்குப் புகழ்பாடிகளின் பட்டியலில் இடமுண்டா?

நமக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளையும் இலங்கையையும் அந்த அருட்சட்டம் விலக்கியே வைத்தது. கம்பெனி ஆட்சியில் அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் 1843-இல்தான் வந்தது. இடையில், விடுதலை பெற்ற அடிமைகளின் இடத்தை நிரப்ப மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் தமிழரும் இருந்தனர்.

இறுதியாக ஒன்று. ஆண்டைகளுக்குக் கொடுக்க 1835-இல் வாங்கிய கடன் முழுதும் அடைந்தது எப்போது தெரியுமா? 2015-இல்! பிரிட்டனில் குடியேறிய கரீபிய மக்கள், அந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள், செலுத்திய வரியும் அதில் சேர்ந்தது. ஆண்டைக்குப் பட்ட கடனை 180 ஆண்டுகள் மறவாத கருவூலத்துக்கு, அடிமைக்குத் தர வேண்டிய கூலி மட்டும் பழங்கதையாம்!

2013-இல் கரீபிய நாடுகள் ஒன்றுகூடி ஆணையம் அமைத்து இழப்பீடு கேட்டன. அவர்கள் கேட்பது பிச்சையன்று, பாக்கி!