விண்ணிலிருந்து ஓர் ஆன்ம சோதனை



மண்ணின் நோயை விண்ணிலிருந்து காண இயலுமோ? இயலும். செழித்த பயிர் சிவப்பு ஒளியை உட்கொள்ளும். நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிரையோ மிகுதியாகத் திருப்பி அனுப்பும். பயிர் நலிந்தால் இவ்வேறுபாடு குறையும். உப்புப் பூத்த நிலம் வெண்மையாய்ப் பளிச்சிடும். செயற்கைக்கோள் இவற்றைப் பதிவு செய்ய, அறிஞர்கள் நிலப்படம் வரைகின்றனர்.

அகமதாபாத்திலுள்ள இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையம் 2021 ஆம் ஆண்டு இத்தகைய படத்தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அதன்படி, 2003-05 இல் ஏறத்தாழ 9.45 கோடி ஹெக்டேராக இருந்த இந்தியாவின் சீர்கெட்ட நிலம், 2018-19 இல் 9.78 கோடி ஹெக்டேராகப் பெருகிற்று. நாட்டின் பரப்பில் பத்தில் ஏறக்குறைய மூன்று பங்கு! நீர் மேல்மண்ணை அரித்துச் செல்வதே இதற்கு முதற்காரணம்.

இப்படம் நமக்கு ஓர் ஆன்ம சோதனை. ஆயினும், பாவத்தை அறிவது மட்டுமே நல்ல பாவசங்கீர்த்தனம் ஆகிவிடாது. திருந்தும் உறுதியும் பரிகாரமும் வேண்டும். வரப்பை உயர்த்துதல், சரிவுக்குக் குறுக்கே உழுதல், தழையுரம் இடுதல், மரம் நடுதல் ஆகியவையே இங்குப் பரிகாரம்.

செயற்கைக்கோள் கலப்பை பிடியாது. ஏதேன் தோட்டத்தைப் பேணிக் காக்கும் பொறுப்பை ஆண்டவர் மனிதனிடமே ஒப்படைத்தார். நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் நிலம் அப்பொறுப்புக்குச் சான்று பகரட்டும்.