எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

ஒரு காலத்தில் எழும்பூரில் இருந்து கடலூர், சிதம்பரம் வரும் மீட்டர் கேஜ் ரயிலுக்கு மின்சார என்ஜின் விழுப்புரம் வரைதான். அங்கே அதைக் கழற்றிவிட்டு, நீராவி அல்லது டீசல் என்ஜினை மாட்டுவார்கள். அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம்! இப்போது சிதம்பரம் வழியாகவே மின்சார என்ஜின் போகிறது.

அந்த என்ஜின் டிரைவரின் கைப்பிடிக்கு ஒரு தாத்தா உண்டு. அதுதான் டிராம் கன்ட்ரோலர். இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி, மேலே பித்தளைக் கைப்பிடி. உள்ளே செம்புப் பட்டைகள் பதித்த உருளை.

நிற்கிற மோட்டாருக்கு ஒரேயடியாக முழு மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? புகைந்து போகும்! அதனால் முதல் நாட்ச்சில் இரண்டு மோட்டாரையும் வரிசையாக இணைத்து, நடுவில் மின்தடைகளையும் போட்டு, கொஞ்சமாக மின்சாரம் விடுவார்கள். கைப்பிடியைத் திருப்பத் திருப்ப மின்தடைகள் ஒவ்வொன்றாக விலகும். பிறகு மோட்டார்கள் பக்க இணைப்புக்கு மாறும். வண்டி வேகம் எடுக்கும். செம்பில் தீப்பொறி பறக்காமலா இருக்கும்? அதை ஊதி அணைக்க உள்ளேயே ஒரு மின்காந்தம். அவசரக்காரர் திருப்பினால் நிற்கிற பயணி அடுத்தவர் மடியில்தான்! கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. எல்லாம் கைப்பக்குவம்.

பெரிய ரயிலின் மின்சாரத்தை இப்படி நேராகக் கையில் பிடிக்க முடியாது. அதற்கும் 1897-லேயே சிகாகோவில் பிராங்க் ஸ்பிரேக் வழி கண்டார். டிரைவர் கையில் சின்ன மின்சாரம். அது போய் ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் உள்ள பெரிய சுவிட்சுகளைத் தட்டிவிடும். 1931-ல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் வந்ததற்கு அந்த வழியே அடிப்படை.

சென்னையில் 1895-ல் தொடங்கிய டிராம் 1953 ஏப்ரலில் நின்றுபோச்சு. கல்கத்தாவில் 1902-ல் வந்த மின்சார டிராமும் இப்போது தள்ளாடுகிறது. மைதானம்–எஸ்பிளனேடு தடம் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024-ல் மேற்கு வங்க அரசு சொல்லிவிட்டது.

வண்டிகளைக் கழித்தால் கன்ட்ரோலர் காயலாங்கடைக்குத்தான் போகும். செம்புக்கு விலை இருக்கிறதே, சும்மா விடுவார்களா?

சிதம்பரம் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்கே என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகள் மோட்டார் கட்டுப்பாட்டைப் புத்தகப் படத்தில் பார்த்தால் போதுமா? மூடியைத் திறந்து கையால் திருப்பிப் பார்க்க ஒரு பழைய கன்ட்ரோலர் வேண்டாமா? கடலூர், சிதம்பரம் எம்.பி.க்கள் கல்கத்தாவுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். கேட்பது ஒன்றே ஒன்று. லாரி வாடகை மட்டும்தான் செலவு.