அறுபது வயதில் ஆபீசுக்குச் சைக்கிளா?

மும்பையில் அறுபதை நெருங்கும் ஒருவர் இனிமேல் சைக்கிளில் வேலைக்குப் போகப்போகிறேன் என்று சொல்லிப் பார்க்கட்டும். வீட்டில் முழங்காலை நினைவுபடுத்துவார்கள். சொசைட்டியில் டிராஃபிக்கைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். படித்தவர் ஒருவர் புகையைப் பற்றிப் பேசுவார். கடைசியாக, "இதெல்லாம் ஆம்ஸ்டர்டாம்ல சரி சார். இங்க இந்த வயசுல யாரு சைக்கிள்ல போறா?" என்று ஒரு கேள்வி வரும். செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்குச் சைக்கிள் மிதிக்கும் நரைத்த தலை என்னுடையது என்பதால் இவை எல்லாமே எனக்கு மனப்பாடம். கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

யார் போகிறார்கள்? விடிவதற்கு முன் தாராவி தொண்ணூறடி ரோட்டுக்கு வாருங்கள். தென்மாவட்டங்களிலிருந்து வந்து தலைமுறைகளாக அங்கே வாழும் குடும்பங்களில் ஊர் தூங்கும்போதே அடுப்பு பற்றிவிடும். கேரியரில் இட்லியும் மெதுவடையும் நிறைந்த பெரிய பாத்திரம், பக்கத்தில் சாம்பார், சட்னித் தூக்குகள். ரப்பர் ஹார்னை அமுக்கியபடி மாஹிம், தாதர், குர்லா என்று ஆளுக்கொரு திசையில் பிரிகிறார்கள். ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாலும் ஒரு பக்கம் சாயும் எடை அது. ஓட்டுகிறவர்களில் நரைத்தவர்களுக்குக் குறைவில்லை. 'அண்ணா' என்று கூப்பிட்டு அவர்களிடம் நாலு இட்லி வாங்குகிற ஊர், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் என்ற கணக்கில் மட்டும் அவர்களைச் சேர்ப்பதில்லை. 1890 முதல் இந்த நகரத்துக்குச் சோறு கொண்டுபோகும் டப்பாவாலாக்களையும், இரவு வேலை முடிந்து திரும்பும் வாட்ச்மேன்களையும், பாவ் விற்கிறவர்களையும்கூட அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, விவசாயமும் வீட்டுத்தொழிலும் அல்லாத வேலை பார்ப்பவர்களில் இந்தியா முழுக்க நூற்றுக்குச் சுமார் 13 பேர் சைக்கிளில்தான் வேலைக்குப் போனார்கள். அவர்களில் யாரும் ஆம்ஸ்டர்டாம்காரர் இல்லை.

ஆக, 'யாரும் போவதில்லை' என்றால் 'நம்மைப் போன்றவர்கள் போவதில்லை' என்று பொருள். பிரச்சினை வயதில் இல்லை, கௌரவத்தில் இருக்கிறது. 1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்தில் ஹெர்குலிஸ் வைத்திருந்தவர் தெருவில் ஒரு புள்ளி. இன்று அறுபது வயதுக்காரர் பழைய கறுப்புச் சைக்கிளில் வந்தால் வாட்ச்மேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஹெல்மெட்டும் கியர் சைக்கிளுமாக வந்தால் 'ஃபிட்னஸ் அங்கிள்' ஆகிவிடுகிறார். காருக்கு மூன்று மாடி பார்க்கிங் கட்டிய ஆபீஸ் வாசலில், சைக்கிளை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்னிடம். அங்கே நிழல் இருந்ததால் நான் சண்டை போடவில்லை.

அடுத்தது முழங்கால். சைக்கிளில் உடம்பின் எடையைச் சீட் தாங்குகிறது, முட்டி தாங்குவதில்லை. சராசரியாக அறுபதைத் தாண்டிய 2,600-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களிடம் நடத்தி 2024-இல் வெளியான ஆய்வொன்றில், வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் சைக்கிள் ஓட்டியவர்களிடம் வலியோடு கூடிய முட்டித் தேய்மானம், ஓட்டாதவர்களைவிட 21% குறைவாக இருந்தது. நம் ஊரில் சைக்கிளால் முட்டி வலி வருவதும் உண்மைதான். இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்று சீட்டை அமுக்கி வைத்துக்கொள்கிறோம். அதனால் முட்டி மடங்கியபடியே மிதிக்கிறோம். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே இறக்கும்போது கால் நேராக நீளவேண்டும், சீட் அந்த உயரத்தில் இருக்கவேண்டும். பஞ்சர் கடைக்காரர் ஒரு ஸ்பேனரில் முடித்துவிடுவார். இன்னொன்றும் சொல்லவேண்டும். செம்பூரிலிருந்து மாட்டுங்காவுக்கு லோக்கலில் போகிறவர் ஹார்பர் லைனில் ஏறி, குர்லாவில் இறங்கி, பாலத்தில் ஏறி இறங்கி சென்ட்ரல் லைன் பிடிக்கவேண்டும். கூட்டத்தோடு ஏறும் அந்தப் படிகளைப் பார்த்து முட்டிக்காக யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

இதயம்? முன்பிருந்தே ஓட்டியவர்களுக்குச் சரி, இனிமேல் தொடங்கினால் ஆபத்து என்பார்கள். 50 முதல் 65 வயதுள்ள டென்மார்க்காரர்களை இருபது ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2016-இல் வெளிவந்தது. அந்த வயதில் புதிதாகச் சைக்கிள் பிடித்தவர்களுக்கு, பிடிக்காதவர்களைவிட இதயநோய் வாய்ப்பு ஏறத்தாழ கால்வாசி குறைந்திருந்தது. ஏற்கெனவே இதயத்தில் கோளாறு உள்ளவர் முதலில் டாக்டரைப் பார்க்கட்டும்.

புகையைப் பற்றிச் செம்பூர்க்காரனுக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. மாஹுல் சுத்திகரிப்பு ஆலைகளும் உரத் தொழிற்சாலையும் எங்களுக்கு அக்கம்பக்கம். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் தலைமையில் 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் இருக்கும் ஊரிலும், நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரம் மிதித்த பிறகுதான் கெடுதல் நன்மையை மிஞ்சுகிறது. செம்பூர், மாட்டுங்கா, தாராவி, பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ் (பி.கே.சி.) ஆகிய இடங்களுக்குள் போய்வர அவ்வளவு நேரம் ஆகாது. குளிர்காலத்தில் புகைமூட்டம் கண்ணுக்கே தெரியும் காலைகளில் போகாமலிருப்பது புத்திசாலித்தனம். ஆட்டோவில் போகிறவர் மூக்குக்கும் அதே காற்றுதான் என்பதை மறந்துவிட வேண்டாம்.

மழைக்கும் வியர்வைக்கும் அதிகம் பேசத் தேவையில்லை. கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்கும் நாளில் யாரும் சைக்கிளை எடுக்கவேண்டாம். தினமும் ஓட்டுவேன் என்று யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லையே. வியர்வைக்கு ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் போதும்.

மிச்சம் டிராஃபிக். இந்த ஆட்சேபம் நிஜமானது, அதை மழுப்பமாட்டேன். விழுந்தால் இருபது வயது எலும்பு சேர்வதுபோல அறுபது வயது எலும்பு சேராது. ஆனால் சாலையை இப்படி ஆக்கியது வயது அல்ல. 2009-இல் பாந்த்ரா-வொர்லி கடற்பாலம், 2013-இல் செம்பூரில் வந்து இறங்கும் ஈஸ்டர்ன் ஃப்ரீவே, 2024-இல் அடல் சேதுவும் கோஸ்டல் ரோடும் திறந்தார்கள். நான்கிலும் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. தாராவியை ஒட்டிய பி.கே.சி.யில் 2011-இல் மும்பைப் பெருநகர வளர்ச்சி ஆணையமான எம்.எம்.ஆர்.டி.ஏ. ஒரு சைக்கிள் பாதை போட்டது. கார்கள் அதில் நின்றன. 2025-இல் அதை எடுத்துவிட்டுச் சாலையை அகலப்படுத்த முடிவெடுத்தார்கள். 'யாரும் பயன்படுத்தவில்லை' என்பது வழக்கமான காரணம். கார் நிற்கும் பாதையில் யார் எப்படி ஓட்டுவது? முலுண்டிலிருந்து தாராவிப் பக்கம் வரை தான்சா குடிநீர்க் குழாயோரம் 39 கிலோமீட்டர் பாதை என்று மாநகராட்சி அறிவித்தது நினைவிருக்கலாம். அது முழுதாக வந்திருந்தால் இந்தக் கட்டுரையின் பாதி தேவைப்பட்டிருக்காது.

அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. நெடுஞ்சாலையையும் மேம்பாலத்தையும் விட்டு உள்தெருக்களில் போகலாம். பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே நுழையக் கூடாது. சயான் சர்க்கிளில் நான் இறங்கி, உருட்டிக்கொண்டு, நடப்பவர்களோடு கடக்கிறேன்; முப்பது வயதிலும் அங்கே அப்படித்தான் செய்திருப்பேன். இருட்டிய பிறகு மட்டும் ஓட்டுவதில்லை. எதிரே வரும் ஹெட்லைட் இப்போது கண்ணைக் கூசச் செய்கிறது; அது வயதின் கணக்கு, ஒப்புக்கொள்கிறேன். வேலை நீண்டுவிட்டால் சைக்கிளை ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலேயே பூட்டிவிட்டு, அந்தக் குர்லாப் படிகளில் ஏறி வீட்டுக்குப் போகிறேன்.