பல்லுக்கொதி நின்றால் சுகமாகிவிட்டதா?



பல்லுக்கொதி வந்தால் கிராம்பை வைத்துக் கடிப்போம். இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்ப்போம். சில நாட்களில் கொதி நின்றதும் சுகமாகிவிட்டது என்று விட்டுவிடுவோம். ஆனால் பல சமயங்களில் நின்றது நோயல்ல. பல்லின் உள்ளே இருந்த நரம்பு செத்துவிட்டதால்தான் வலி தெரியவில்லை.

அதன்பின் சூத்தை வழியாகப் புகுந்த பக்ரீறியாக்கள் வேர்நுனிவரை இறங்குகின்றன. அவற்றை எதிர்க்க உடல் வெண்குருதிக் கலங்களை அங்கே அனுப்புகிறது. அந்த இடம் அழற்சியடைந்து, சுற்றியுள்ள தாடை எலும்பு மெல்லமெல்லக் கரைகிறது.

இங்கேதான் வைரசுகளும் சேர்ந்துகொள்கின்றன. 2003இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இவ்வாறு பழுதடைந்த வேர்நுனிகளில் ஹேர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த இரு வைரசுகள் விழித்துச் செயற்படுவதைக் கண்டார்கள். ஒன்று சைற்றோமெகலோ வைரசு, மற்றது எப்ஸ்டீன்-பார் வைரசு. வலியுள்ள, பெரிய புண்களில் இவை கூடுதலாகக் காணப்பட்டன.

ஹேர்பிஸ் என்ற பெயரைக் கேட்டு வெட்கப்படவோ பயப்படவோ வேண்டாம். இந்த இரண்டும் பெரும்பாலும் சிறுவயதிலேயே உமிழ்நீர் மூலம் தொற்றி, எங்களில் அநேகரின் வெண்குருதிக் கலங்களில் ஆயுள் முழுவதும் உறங்கிக் கிடப்பவை. அந்தக் கலங்கள் பல்வேரில் குவியும்போது வைரசும் விழித்து, அவ்விடத்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது, பக்ரீறியாக்களுக்கு அது வாய்ப்பாகிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. எனினும் வைரசு நோயின் மூலகாரணம் என்று நிரூபிக்கப்படவில்லை. 1965இல் கிருமிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் பற்களைத் துளைத்துத் திறந்துவிட்டபோதும் வேரில் இந்நோய் உண்டாகவில்லை. ஆகவே முதற் குற்றவாளி பக்ரீறியாதான்.

எனவே இதற்கு வைரசு மருந்து தேவையில்லை. அன்ரிபயோட்டிக் குளிசை மட்டும் போதாது, செத்த பல்லுக்குள் இரத்தம் ஓடாததால் மருந்து அங்கே போய்ச் சேராது. வேரைத் துப்புரவாக்கி அடைக்க வேண்டும், அல்லது பல்லைப் பிடுங்க வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

* சூத்தையைச் சிறிதாக இருக்கும்போதே அடைத்துக்கொள்ளுங்கள்.
* முரசில் சிறு கொப்புளம் வந்து சீழ் வடிந்தால், வலி இல்லாவிட்டாலும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.
* கர்ப்பிணியென்று சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமாக இருப்பதை வைத்தியரிடம் சொன்னால் போதும்.
* முகமோ கழுத்தோ வீங்கி, காய்ச்சலுடன் விழுங்கவோ மூச்சுவிடவோ கடினமாக இருந்தால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

வீட்டில் எல்லோருடைய நோயையும் பார்த்து, தன்னுடையதைக் கடைசியில் வைப்பது எங்கள் பழக்கம். இந்த மாதம் உங்கள் பல்லை முதலில் பாருங்கள்.